ஒரே மாதிரி தெரியும் கார்பன் ரோடு பைக் ஃபிரேம்கள்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பன் ரோடு ஃபிரேம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதற்கு மேல் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். எல்லாம் கார்பன், எல்லாவற்றிலும் டிஸ்க் பிரேக், எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த இடத்தில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். உங்கள் உடம்பு அந்த ஃபிரேமில் எங்கே உட்காரும், தேய்கிற பாகத்தை நாளைக்கு மாற்ற முடியுமா, இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதனால் கார்பன் ரகமும் கிராம் கணக்கும் பின்னால்தான் வருகின்றன.

1. ரெண்டுமே 54 சைஸ்தான். அப்புறம் ஏன் ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா இருக்கு?

54 என்பது ஒரு காலத்தில் சீட் டியூபின் (சீட் தண்டு இறங்கும் குழாய்) நீளத்தைச் சென்டிமீட்டரில் சொன்ன எண். மேல் டியூப் சாய்வாக வர ஆரம்பித்த பிறகு அந்த எண் வெறும் பெயராகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 52 ஆகவும் இருக்கலாம், 56 ஆகவும் இருக்கலாம். எஸ், எம், எல் என்று போட்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

ஒப்பிடுவதற்கு ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கைகள் சுழலும் அச்சின் இடம்) மையத்திலிருந்து ஹெட் டியூபின் (முன்சக்கர ஃபோர்க் நுழையும் முன் குழாய்) மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே மையத்திலிருந்து அந்த விளிம்பு கிடைமட்டமாக எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். சீட்டை எங்கே வைத்தாலும் இந்த இரண்டும் மாறாது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் ஃபிரேமையும் எதனோடும் இவற்றை வைத்து ஒப்பிட முடிகிறது.

2. ஜியாமெட்ரி அட்டவணையில ஏகப்பட்ட எண் இருக்கு. எல்லாத்தையும் பார்க்கணுமா?

வேண்டாம். முதலில் ஸ்டாக், ரீச். அடுத்து சீட் டியூப் ஆங்கிள். அதற்கடுத்து ஹெட் டியூப் ஆங்கிளும் ஃபோர்க் ஆஃப்செட்டும் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து முன்சக்கர மையம் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்), இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடைசியாக ஃப்ரண்ட் சென்டர் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன்சக்கர மையம் வரை), செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) நீளம். மற்றவை பெரும்பாலும் இவற்றிலிருந்து வருபவை.

பலர் ஏமாறுவது எஃபெக்டிவ் டாப் டியூபில், அதாவது ஹெட் டியூபின் உச்சியிலிருந்து சீட்போஸ்ட் வரை கிடைமட்டமாக அளக்கும் நீளத்தில். அந்த நீளம் சீட் டியூபின் சாய்வைப் பொறுத்து மாறும். சீட் டியூப் ஒரு டிகிரி கூடுதலாகச் சாய்ந்தால், சீட் உயரம் 730 மி.மீ. உள்ளவருக்கு சீட் 12 முதல் 13 மி.மீ. பின்னால் போகும். அதை ஈடுகட்ட அவர் சீட்டை ரெயிலில் முன்னால் தள்ளியாக வேண்டும். அதனால், டாப் டியூப் 545 என்று ஒரே எண் போட்ட இரண்டு ஃபிரேம்களில் ஒன்றின் சீட் டியூப் 73 டிகிரி, மற்றதன் சீட் டியூப் 74 டிகிரி என்றால், ஹேண்டில்பார் ஒரே இடத்தில் வராது.

3. ஒண்ணுல ஸ்டாக் அதிகம், இன்னொண்ணுல ரீச் அதிகம். எது எனக்கு நீளமா இருக்கும்?

இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ரீச்சை ஒப்பிட வேண்டும். ஸ்டீரர் டியூப் (ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் ஏறி வரும் குழாய்) பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்பேசர் (ஹேண்டில்பாரை உயர்த்த அதில் கோக்கும் வளையம்) ஏற ஏற ஹேண்டில்பார் மேலே போவதோடு பின்னாலும் வருகிறது. ஹெட் ஆங்கிள் 73 டிகிரி என்றால் 10 மி.மீ. ஸ்பேசருக்கு உயரம் 9.6 மி.மீ. கூடும், ரீச் 2.9 மி.மீ. குறையும். பத்துக்கு மூன்று என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உதாரணமாக முதல் ஃபிரேம் ஸ்டாக் 540, ரீச் 385. இரண்டாவது ஸ்டாக் 560, ரீச் 380. பார்த்த மாத்திரத்தில் முதலாவது நீளம் என்று தோன்றும். அதை 560 உயரத்துக்கு ஏற்ற 21 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். அதைப் போட்டதும் ரீச் 6 மி.மீ. குறைந்து 379க்கு வந்துவிடும். ஆக இரண்டும் ஒன்றுதான். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்: முதலாவதில் இன்னும் 20 மி.மீ. தாழ்வாகவும் உட்கார முடியும், இரண்டாவதில் முடியாது.

ஒரு எச்சரிக்கை. சில நிறுவனங்கள் ஹெட்செட்டின் (ஹெட் டியூபில் உள்ள பேரிங் தொகுப்பு) மேல் மூடியையும் சேர்த்து ஸ்டாக் சொல்கின்றன, சில சேர்ப்பதில்லை. கேபிள் உள்ளே போகும் ஃபிரேம்களில் அந்த மூடியே 10 முதல் 20 மி.மீ. உயரம் இருக்கும். அட்டவணையின் படத்தில் அளவுக்கோடு எந்த இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். படத்தில் தெளிவில்லை என்றால் விற்பவரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

4. இப்ப ஓட்டுற பைக் எனக்கு வசதியா இருக்கு. அதே பொசிஷன் புது ஃபிரேம்ல வருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நான்கு அளவுகள் எடுங்கள். சமதளத் தரையில் பைக்கைச் செங்குத்தாக நிறுத்தி, பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வையுங்கள். தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையத்துக்கும், தரையிலிருந்து ஹேண்டில்பார் பிடிக்கும் இடத்தின் மையத்துக்கும் உயரம் அளந்து கழித்தால் ஹேண்டில்பாரின் உயரம் கிடைக்கும். சுவரிலிருந்து இதே இரண்டு புள்ளிகளுக்கும் கிடைமட்டத் தூரம் அளந்து கழித்தால் ஹேண்டில்பாரின் முன்தூரம். மூன்றாவது, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள நீளம். நான்காவது, சீட்டின் மூக்கு பாட்டம் பிராக்கெட்டுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது. இதற்கு சீட் நுனியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளப்பது எளிது.

இனி புது ஃபிரேமில் கணக்குப் போடுங்கள். ஸ்டாக் 545, ரீச் 385, மேல் மூடி 10, ஸ்பேசர் 15 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஸ்டீரரோடு இணைக்கும் பாகம்) ஸ்டீரரைப் பிடிக்கும் உயரம் வழக்கமாக 40 மி.மீ. இருக்கும், அதில் பாதி 20. மொத்தம் 45. பத்துக்கு மூன்று கணக்கில் 43 மேலே, 13 பின்னால். மைனஸ் 6 டிகிரி, 100 மி.மீ. ஸ்டெம், 73 டிகிரி ஹெட் ஆங்கிளில் கிடைமட்டத்திலிருந்து 11 டிகிரி மேல்நோக்கி நிற்கும். அது 98 முன்னால், 19 மேலே. ஆக ஹேண்டில்பார் உயரம் 545 + 43 + 19 = 607. முன்தூரம் 385 − 13 + 98 = 470. இந்த இரண்டு எண்களையும் உங்கள் பழைய பைக்கின் எண்களோடு வைத்துப் பாருங்கள். 90 முதல் 120 மி.மீ. ஸ்டெமுக்குள்ளும், நிறுவனம் அனுமதிக்கும் ஸ்பேசர் உயரத்துக்குள்ளும் பழைய இடம் கிடைத்தால் ஃபிரேம் உங்களுக்குப் பொருந்தும். கிடைக்காவிட்டால் மற்ற சிறப்புகள் எதையும் பார்க்க வேண்டியதில்லை, விட்டுவிடுங்கள்.

புது ஹேண்டில்பாரின் வளைவு வேறாக இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பாரின் ரீச் (அதன் வளைவு முன்னால் நீளும் அளவு) 70க்கும் 85க்கும் இடையே மாறும். அந்த 15 மி.மீ. வித்தியாசம் பிரேக் லீவர் மேல் கை வைக்கும் இடத்தில் அப்படியே தெரியும்.

5. ஹெட் ஆங்கிள்ல அரை டிகிரி, ஒரு டிகிரிதான் வித்தியாசம். ஓட்டும்போது தெரியுமா?

ஆங்கிளைத் தனியாகப் பார்த்தால் பதில் கிடைக்காது. திருப்பத்தில் பைக் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது டிரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கு டயர் எவ்வளவு பின்னால் தொடுகிறது என்பது. டயரின் ஆரத்தை ஹெட் ஆங்கிளின் கொசைனால் பெருக்கி, ஃபோர்க் ஆஃப்செட்டைக் கழித்து, அதே ஆங்கிளின் சைனால் வகுத்தால் டிரெயில் வரும். 28 மி.மீ. டயர், 73 டிகிரி, 45 மி.மீ. ஆஃப்செட் என்றால் சுமார் 57 மி.மீ. ஆங்கிளை மட்டும் 72 ஆக்கினால் சுமார் 63. இந்த 6 மி.மீ. வித்தியாசம் கைக்குத் தெரியும்: முதலாவது சட்டென்று திரும்பும், இரண்டாவது வேகத்தில் நேராக நிற்கும்.

சிறிய சைஸ் வாங்குகிறவர்கள் ஃபோர்க் ஆஃப்செட் வரிசையை அவசியம் பார்க்க வேண்டும். சிறிய ஃபிரேமில் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்காமலிருக்க ஹெட் ஆங்கிளை 71 வரை சாய்ப்பார்கள். அதற்கேற்ப ஆஃப்செட்டை 50 போலக் கூட்டினால் டிரெயில் சரியாக இருக்கும். எல்லா சைஸுக்கும் ஒரே ஃபோர்க்கைப் போட்டால் சிறிய ஃபிரேம் மந்தமாகத் திரும்பும். சைஸுக்கு ஏற்ப இரண்டு மூன்று ஆஃப்செட் தருகிற நிறுவனம் சிறிய உடம்புக்காரரையும் நினைத்து வடிவமைத்திருக்கிறது என்று நம்பலாம்.

விரல் இடிக்குமா என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: சக்கர ஆரம் 340, கிராங்க் (பெடல் கை) 170, பெடல் மையத்துக்கு முன்னால் நீளும் ஷூ சுமார் 100, மொத்தம் 610. ஃப்ரண்ட் சென்டர் இதைவிடக் குறைவாக இருந்தால், மெதுவாகப் போய் மடக்கித் திரும்பும்போது ஷூ டயரை உரசலாம். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அந்த அளவுக்குத் திருப்பமாட்டீர்கள் என்பதால் இதற்காக மட்டும் நல்ல ஃபிரேமை ஒதுக்க வேண்டாம்.

6. ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். சின்னதா, பெருசா?

4ஆம் கேள்வியின் கணக்கை இரண்டு சைஸுக்கும் போடுங்கள். சிறியதில் 30 மி.மீ.க்கு மேல் ஸ்பேசர் தேவைப்பட்டால் பெரியதை எடுங்கள். பெரியதில் ஸ்பேசரே இல்லாமலும் ஹேண்டில்பார் உயரமாக நின்றாலோ, 80 மி.மீ. ஸ்டெம் போட வேண்டி வந்தாலோ சிறியதை எடுங்கள். இரண்டும் பொருந்தினால், குனிந்து வேகமாக ஓட்டுபவருக்குச் சிறியது, நாள் முழுக்க ஓட்டுபவருக்குப் பெரியது.

சீட்போஸ்ட் (சீட்டின் தண்டு) பக்கமும் பாருங்கள். ஃபிரேமோடு வரும் தனி வடிவ சீட்போஸ்ட் ஒரு அளவுக்கு மேல் உள்ளே இறங்காது. சீட் டியூப் உள்ளே குறுகும், எலக்ட்ரானிக் கியரின் பேட்டரியும் அங்கேயே இருக்கலாம். கால் குட்டையானவர்களுக்கு, ஃபிரேம் மற்றபடி சரியாக இருந்தும், சீட் தேவையான அளவு இறங்காமல் போவதுண்டு. அதிகபட்ச, குறைந்தபட்ச சீட் உயரத்தை நிறுவனத்தின் அட்டவணையில் தேடுங்கள்.

7. 32 டயர் போகும்னு போட்டிருக்கு. நம்பலாமா?

டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், மாட்டிய பிறகு காலிப்பரில் (தடிமன் அளக்கும் கருவி) வரும் அகலத்தை நம்புங்கள். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. விரியும். 28 என்று போட்ட டயர் அகலமான ரிம்மில் 30ஐத் தொடும். இருபுறமும் மேலேயும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். சேறும் சிறு கல்லும் ஒட்டிச் சுற்றினால் செயின்ஸ்டேயின் உட்புறத்தைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும், அது உத்தரவாதத்தில் சேராது. பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னால் இரண்டு செயின்ஸ்டேயும் சேரும் இடம்தான் வழக்கமாக முதலில் உரசும்.

8. பாட்டம் பிராக்கெட்ல பிபி86, பிஎஃப்30, டி47, பிஎஸ்ஏன்னு ஏதேதோ போட்டிருக்கே. இதுக்காக ஃபிரேமை மாத்தலாமா?

மாற்றலாம். இவை பாட்டம் பிராக்கெட் பேரிங்கை ஃபிரேமில் பொருத்தும் முறைகளின் பெயர்கள். இரண்டு ஃபிரேம்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால், மரை உள்ளதை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வோம். பிஎஸ்ஏ, டி47 இரண்டும் மரை போட்டவை. கார்பனுக்குள் ஒட்டிய அலுமினிய வளையத்தில் மரை இருக்கும். சில பத்து கிராம் கூடும், அவ்வளவுதான். கழற்றி மாட்ட ஒரு ஸ்பேனர் போதும். பிஎஸ்ஏவில் செயின் பக்கத்து மரை இடது மரை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிபி86, பிஎஃப்30, பிபி386 எல்லாம் அழுத்திப் பொருத்துபவை. துளை வட்டம் பிசகினாலோ, இடது வலது துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ பேரிங் கூடு ஒவ்வொரு மிதிக்கும் துளியளவு நகரும். கிறீச்சொலி அதில் வருவதுதான். இதற்கு முறையைக் குறை சொல்ல முடியாது, தயாரிப்புத் துல்லியம்தான் காரணம். துல்லியமாகச் செய்தால் அழுத்திப் பொருத்தியதும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். வாங்கும்போது அந்தத் துல்லியத்தை நம்மால் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

கிராங்கின் அச்சோடு சேர்த்தும் பாருங்கள். பிபி86 துளை 41 மி.மீ. அதில் 24 மி.மீ. அச்சு போனால் சுற்றிலும் பேரிங்குக்கும் கூட்டுக்கும் 8.5 மி.மீ. இடம் இருக்கும். 30 மி.மீ. அச்சு போனால் 5.5தான் மிஞ்சும். குண்டுகள் சிறிதாகி பேரிங் சீக்கிரம் தேயும். உங்களிடம் 30 மி.மீ. அச்சுள்ள கிராங்க் இருந்தால் பிபி86 ஃபிரேமைத் தவிர்ப்பது நல்லது. 46 மி.மீ. துளையுள்ள பிஎஃப்30, பிபி386, மரையுள்ள டி47 மூன்றிலும் அந்த அச்சுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

9. கேபிள் எல்லாம் உள்ளேயே போறதுதான் அழகா இருக்கு. அதுல ஏதாவது பிரச்சினை உண்டா?

ஓட்டும்போது இல்லை, பராமரிப்பில் உண்டு. பிரேக் ஹோஸ் (பிரேக் திரவம் போகும் குழாய்) ஹெட்செட்டின் மேல் பேரிங்குக்குள் நுழைந்து போகிறது. வியர்வையும் மழைநீரும் முதலில் கெடுப்பது அந்தப் பேரிங்கைத்தான். வெளிக் கேபிள் ஃபிரேமில் அதை மாற்றச் சில நிமிடங்கள் போதும். இங்கே ஹோஸைக் கழற்றி, பேரிங்கை உருவி, புதியதைக் கோத்து, ஆலிவும் பார்பும் (ஹோஸ் முனையைக் கசியாமல் பிடிக்கும் சிறு துண்டுகள்) புதிதாகப் போட்டு, பிரேக்கை ப்ளீட் செய்ய (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். ஸ்டெம் நீளத்தை மாற்றவும் சில வடிவங்களில் இதே வேலைதான்.

அதனால் ஒப்பிடும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஹோஸ் ஸ்டெமுக்கு அடியில் போகிறதா, ஸ்டெமுக்கும் பாருக்கும் உள்ளேயா? அடியில் போவது கழற்ற எளிது. ஸ்பேசர்கள் இரண்டாகப் பிளந்தவையா? பிளந்தவை என்றால் ஹோஸைக் கழற்றாமலே உயரத்தை மாற்றலாம். ஸ்டீரர் வட்டமா, ஒருபக்கம் தட்டையா? தட்டை என்றால் அந்த நிறுவனத்தின் பேரிங் மூடி, கம்ப்ரெஷன் பிளக் (ஸ்டீரருக்குள் விரிந்து பிடிக்கும் துண்டு) மட்டுமே பொருந்தலாம். சாதாரண வட்ட ஸ்டீரரும் எண் அச்சிட்ட பொதுவான பேரிங்கும் உள்ள ஃபிரேமுக்குப் பத்து வருடம் கழித்தும் பாகம் கிடைக்கும்.

10. சின்னச் சின்ன பாகத்தைப் பத்தி எல்லாம் இப்பவே ஏன் கவலைப்படணும்?

ஒரு கார்பன் ஃபிரேம் ஓரங்கட்டப்படுவதற்கு, உடைவதை விடச் சிறு பாகம் கிடைக்காமல் போவதே பல சமயம் காரணமாகிறது. சீட்போஸ்டை இறுக்கும் ஆப்பு ஓர் உதாரணம். கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு, மேல் டியூபுக்குள் மறைந்திருக்கும், திருகின் மரை அதற்குள் இருக்கும். 5 நியூட்டன் மீட்டர் போதுமான இடத்தில் சீட் இறங்குகிறதே என்று 8 வரை முறுக்கினால் அந்த மரை உருவிக்கொண்டு வரும். அந்தத் துண்டு தனியாக விற்பனைக்கு இல்லையென்றால் ஃபிரேமை ஓட்ட முடியாது. கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க உதவும் பசை) பூசி, எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினால் இந்த நிலை வராது.

வாங்கும் முன்பே டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு), சீட் ஆப்பு, த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் ஊடாகப் போகும் அச்சு), ஹெட்செட் மேல் மூடி நான்கும் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். ஹேங்கர் ஒன்றை ஃபிரேமோடு சேர்த்தே வாங்கி வையுங்கள். சைக்கிள் பாக நிறுவனமான ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த யூடிஹெச் ஹேங்கர் உள்ள ஃபிரேம் என்றால் இந்தக் கவலை பாதி குறையும், பல நிறுவனங்களின் ஃபிரேமுக்கும் அது ஒன்றே. த்ரூ ஆக்ஸில் முன்னால் 12×100, பின்னால் 12×142 என்பது பொதுவானாலும், மரையின் இடைவெளி 1.0, 1.5 என்று வேறுபடும், மொத்த நீளமும் மாறும். பழைய பைக்கின் ஆக்ஸில் பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம்.

11. என்கிட்ட இருக்கிற குரூப்செட்டை இதுல மாட்டலாமா?

குரூப்செட் என்பது கியர், பிரேக், கிராங்க் சேர்ந்த தொகுப்பு. அதற்கு மூன்று இடங்களில் தடை வரலாம். சில புதிய ஃபிரேம்களில் கியர் கேபிள் நுழையும் துளையே இருக்காது, எலக்ட்ரானிக் கியர் மட்டும்தான். பெரிய செயின்ரிங் செயின்ஸ்டேயில் இடிக்கும், அதிகபட்சம் எத்தனை பல் என்பது ஃபிரேமின் குறிப்பில் இருக்கும். பின்பிரேக் ஃபிளாட் மவுண்டின் (பிரேக் காலிப்பரை செயின்ஸ்டேயில் பதிக்கும் முறை) திருகு நீளம் செயின்ஸ்டேயின் தடிமனைப் பொறுத்தது. நீளமான திருகு பிரேக் காலிப்பருக்குள் முட்டும், குட்டையானது மரையைப் போதிய அளவு பிடிக்காது. இதோடு கிராங்கின் அச்சு (8ஆம் கேள்வி).

12. டி1000 கார்பன்னு போட்டிருக்கே, அது டி700ஐ விட எவ்வளவோ மேல் இல்லையா?

ஜப்பானின் தோரே நிறுவனத்தின் இழைப் பெயர்கள் இவை. அவர்களே வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். டி700எஸ்: விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், இழுவலிமை 4900 மெகாபாஸ்கல். டி800எஸ்: 294, 5880. டி1000ஜி: 294, 6370. ஆக டி1000 இழுவலிமையில்தான் டி800ஐ விஞ்சுகிறது, விறைப்பில் இரண்டும் ஒன்றுதான். உண்மையில் விறைப்பான இழை எம்40ஜே, 377 ஜிகாபாஸ்கல். ஆனால் அதன் இழுவலிமை டி700ஐ விடக் குறைவு. டி700 உடையும் முன் 2.1 சதவீதம் நீளும், எம்40ஜே 1.2 சதவீதம்தான். கல் தெறித்தாலோ கீழே விழுந்தாலோ தாங்கும் சக்தி இதில்தான் குறைகிறது.

அதனால் எந்த ஃபிரேமும் ஒரே இழையால் ஆவதில்லை. ஹெட் டியூபுக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் இடையே விறைப்பான இழை, அடி தாங்க வேண்டிய இடத்தில் வலுவான இழை என்று நூற்றுக்கணக்கான துண்டுகளை வெவ்வேறு கோணத்தில் அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்குதான் ஃபிரேமின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ‘டி1000’ என்று ஒட்டியிருக்கும் ஃபிரேமில் அந்த இழை எத்தனை சதவீதம் என்று யாரும் எழுதுவதில்லை. இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே முடிவெடுக்க இந்த எண் உதவாது.

13. ஒரே கம்பெனி, ஒரே வடிவம், ரெண்டு விலை. மேல் ரகத்துக்குக் கூடுதலா கொடுக்கலாமா?

ஸ்பெஷலைஸ்டில் ஃபேக்ட் 10ஆர், 12ஆர், ட்ரெக்கில் ஓசிஎல்வி 500, 800 என்று பல நிறுவனங்களில் இப்படி உண்டு. அச்சு ஒன்று, ஜியாமெட்ரி ஒன்று, காற்றைக் கிழிக்கும் வடிவமும் ஒன்று. மேல் ரகத்தில் விறைப்பான இழை கூடுதலாக இருப்பதால் சுவர் மெல்லியது, எடை குறைவு. ஸ்பெஷலைஸ்டின் டார்மாக் எஸ்எல்8இல் 12ஆர் ஃபிரேம் 685 கிராம், 10ஆர் 780 கிராம் என்று நிறுவனம் சொல்கிறது. வித்தியாசம் 95 கிராம்.

எங்கள் பரிந்துரை கீழ் ரகம். மிச்சமாகும் பணத்தை நல்ல டயர், சக்கரம், பொசிஷன் சரிபார்ப்பு மூன்றிலும் போட்டால் சாலையில் அதிகப் பலன் தெரியும். தினம் கையாளும்போது தடிமனான சுவரும் ஒரு நிம்மதிதான்.

14. 150 கிராம் கம்மியா இருக்கிற ஃபிரேம் மலை ஏறும்போது எவ்வளவு உதவும்?

பைக்கும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்றால் 150 கிராம் என்பது 0.19 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் நேரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் குறையும். ஒரு மணி நேர ஏற்றத்தில் 7 விநாடி.

அந்த 150 கிராம் உண்மைதானா என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவர் பெயின்ட் அடிக்காத ஃபிரேமின் எடையைச் சொல்வார், இன்னொருவர் அடித்ததன் எடையை. பெயின்டே 50 முதல் 150 கிராம் வரை வரும். சைஸ் எது, ஹேங்கரும் திருகுகளும் சேர்ந்ததா என்பதும் மாறும். ஃபிரேம், வெட்டாத ஃபோர்க், சீட்போஸ்ட், ஹெட்செட், ஆக்ஸில் எல்லாம் சேர்த்து ஒரே சைஸில் கூட்டிப் பாருங்கள். 800 கிராம் ஃபிரேமோடு வரும் தனி வடிவ சீட்போஸ்ட் கனமாக இருந்து, 900 கிராம் ஃபிரேம் மொத்தத்தில் இலகுவாக முடிவது சாதாரணம்.

15. ‘விறைப்பு 12% அதிகம், சொகுசு 15% அதிகம்’னு போடுறாங்களே?

எதை விட என்று கேளுங்கள். பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பழைய மாடலை விட. வெவ்வேறு நிறுவனங்களின் விறைப்பை ஒப்பிட ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் அளந்த எண்கள் வேண்டும்.

சொகுசைப் பொறுத்தவரை, 28 டயர் பள்ளத்தில் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. ஃபிரேமின் பின் முக்கோணம் செங்குத்தாக அதில் ஒரு சிறு பகுதிதான் வளையும். டயர் அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதே இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே உள்ள சொகுசு வித்தியாசத்தை விழுங்கிவிடும். அடுத்து சீட்போஸ்ட். 27.2 மி.மீ. வட்டக் கார்பன் போஸ்ட், வெளியே நீளமாக நின்றால் நன்றாக வளைந்து கொடுக்கும். ஆகவே சொகுசு வேண்டுவோர் 7ஆம் கேள்வியில் சொன்ன டயர் இடத்தையும் சீட்போஸ்ட் வகையையும் பார்த்தாலே போதும்.

16. ஏரோ ஃபிரேம் 10 வாட் மிச்சப்படுத்தும்ங்கிறாங்க. எனக்கும் அது கிடைக்குமா?

அந்த எண் பெரும்பாலும் 45 கி.மீ. வேகத்தில் அளந்தது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 45இல் 10 வாட் என்றால் 30 கி.மீ. வேகத்தில் சுமார் 3 வாட். அதோடு மொத்தக் காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்புதான். ஹேண்டில்பார் தாழ்வாகவும் முழங்கை மடங்கியும் உட்கார முடிகிற ஃபிரேம்தான் உங்களுக்கு ஏரோ ஃபிரேம். அது 4ஆம் கேள்வியின் கணக்கில் தெரியும்.

17. பேர் தெரியாத பிராண்ட் ஃபிரேம், பெரிய பிராண்ட் மாதிரியே இருக்கு. ரெண்டும் ஒரே ஃபேக்டரியா?

இருக்கலாம். தைவானிலும் சீனாவிலும் உள்ள பல தொழிற்சாலைகள் சொந்த அச்சுகள் வைத்திருக்கின்றன. அதில் வார்த்த ஃபிரேமை எந்த நிறுவனமும் வாங்கித் தன் பெயரை ஒட்டலாம். ஒரே அச்சா என்று கண்டுபிடிக்க, எல்லா சைஸுக்கும் ஜியாமெட்ரி அட்டவணையை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கோணங்கள் தசமம் வரை ஒத்துப்போய், ஹேங்கரின் பாக எண்ணும் சீட் ஆப்பின் வடிவமும் ஒன்றாக இருந்தால் அச்சு ஒன்றுதான். ஆனால் 12ஆம் கேள்வியில் சொன்னதுபோல் உள்ளே அடுக்கியது ஒன்றா என்பதை வெளி வடிவம் சொல்லாது.

அதனால் பெயரைப் பார்க்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த மாடலுக்கு ஐஎஸ்ஓ 4210 (சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம்) சோதனை அறிக்கை இருக்கிறதா? ஃபிரேமின் மீது 1,00,000 சுற்று மிதிச் சோதனையும், எடை மோதும் சோதனையும் அதில் அடக்கம். ஃபோர்க்குக்கும் தனி அறிக்கை வேண்டும். ஓட்டுபவர், பைக், சுமை சேர்த்து அதிகபட்ச எடை எவ்வளவு? உத்தரவாதத்தைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது, உடைந்தால் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தந்தால் பெயர் தெரியாததையும் வாங்கலாம். பிரபல நிறுவனத்தின் சின்னத்தைப் போலியாக ஒட்டிய ஃபிரேமை மட்டும் என்ன விலைக்கும் தொடாதீர்கள். சோதனைக்குப் பொறுப்பேற்க ஆளே இல்லாத பொருள் அது.

18. யூசிஐ ஸ்டிக்கர் இருந்தா பாதுகாப்பானதுன்னு அர்த்தமா?

இல்லை. யூசிஐ என்ற சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கம் 2011இல் தொடங்கிய அந்த அங்கீகாரம், ஃபிரேமின் வடிவமும் அளவுகளும் போட்டி விதிக்குள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. வலிமைக்கு 17ஆம் கேள்வியில் சொன்ன அறிக்கைதான் சான்று.

19. பழைய ஃபிரேம், மேல் ரகம், நல்ல விலை. எதைப் பார்த்து வாங்கணும்?

பாகங்களைக் கழற்றிய வெறும் ஃபிரேமாகப் பாருங்கள். துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, சீட் இறுக்கும் இடத்துக்குக் கீழே, செயின்ஸ்டேயின் உட்புறம், ஃபோர்க்கின் தோள் என்று வரிசையாகப் பாருங்கள். நகத்தை ஓட்டினால் மாட்டுகிற கோடு சந்தேகத்துக்குரியது. ஆல்கஹால் ஆவியாகும்போது விரிசலில் மட்டும் ஈரம் ஒரு கணம் நின்று கோடாகத் தெரியும். நாணயத்தால் மெதுவாகத் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். சுவரின் தடிமன் மாறும் இடங்களிலும் ஒலி மாறும் என்பதால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் அதே இடத்தில் தட்டி ஒப்பிடுங்கள். சந்தேகம் நீங்காவிட்டால் அல்ட்ராசவுண்ட் சோதனை செய்பவரிடம் காட்டுங்கள்.

ஸ்டீரர் எந்த நீளத்தில் வெட்டியிருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். 4ஆம் கேள்வியின் கணக்கில் உங்களுக்கு 25 மி.மீ. ஸ்பேசர் தேவைப்பட்டு, ஸ்டீரர் 10க்கு மட்டுமே இடம் விட்டிருந்தால் புது ஃபோர்க் வாங்க வேண்டியிருக்கும். வாழ்நாள் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

20. ஃபிரேம் வந்தாச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி என்ன சரிபார்க்கணும்?

பாகம் எதையாவது பொருத்திவிட்டால் திருப்பி எடுக்க மறுப்பார்கள், அதனால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஹெட்செட் பேரிங்கைக் கையால் வையுங்கள், ஆடாமலும் தட்டாமலும் சரியாக உட்கார வேண்டும். பாட்டம் பிராக்கெட் துளையை டிஜிட்டல் காலிப்பரால் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அளந்து வட்டம் சரியா என்று பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் மாட்டி, டயருக்கு இருபுறமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். பின்சக்கரம் ஒருபக்கம் ஒதுங்கினால், சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஒதுக்கமும் பக்கம் மாறினால் குறை சக்கரத்தில், மாறாவிட்டால் ஃபிரேமில்.

ஸ்டீரரை வெட்டுவதுதான் கடைசி வேலை. ஸ்டெமுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்துச் சில வாரம் ஓட்டி, உயரம் பிடிபட்ட பிறகு வெட்டுங்கள். உச்சியில் ஒரு ஸ்பேசர் வைக்கிற அமைப்பு என்றால், ஸ்டீரர் அந்த ஸ்பேசரின் விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். கம்ப்ரெஷன் பிளக், ஸ்டெம் இறுக்கும் இடத்துக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும். கார்பனுக்கான நுண்பல் ரம்பத்தால், வழிகாட்டிக் கிளாம்பில் பிடித்து, ஈரத்துணி சுற்றி அறுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.